இலோனாவோட இடது கை

டப், டப். அவ்வளவுதான்மா அந்தச் சத்தம். மழை விட்ட பிறகு தகரக் கூரையிலேருந்து வாழை எலை மேல சொட்டு விழும்ல, அந்த அளவுதான். நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் காத விட்டுப் போகல. பக்கத்து வீட்டம்மா பேரனத் தூங்க வைக்க முதுகுல தட்டும்போது நான் எந்திரிச்சுப் போய் ஜன்னலச் சாத்திடுவேன். என்ன சத்தமா? சொல்றேன். அதச் சொல்லாம, என் பேரப் போட்டுக்கலாம்னு உன் கடுதாசியில நான் கையெழுத்துப் போட முடியாது. மொதல்ல கோப்பியக் குடி. சீனி கம்மியாத்தான் இருக்கும், எனக்குப் போடுற கையாலேயே உனக்கும் போட்டுட்டேன்.

அந்த அட்டைய இப்படிக் கொடு பாப்போம். கண்ணாடி எங்க வச்சேன்... ம், இருக்கு. பிரிஜெட் டீச்சர் சுழற்கிண்ணம். பெண்கள் ஜூடோ போட்டி, முதலாம் ஆண்டு. நல்லாத்தான் போட்டிருக்கீங்க. கெடாவின் பெண் சிங்கம்னு யாரு எழுதினது? உங்க சங்கத் தலைவரா? அவரு நாலாம் வகுப்புல எனக்குப் பின்னாலேயே வாத்து மாதிரி நடந்து காட்டி ரோத்தான் பெரம்பால அடி வாங்கினவரு. பரவால்லலா, வாத்து சிங்கமாயிடுச்சு.

நாளைக்கு அச்சுக்குப் போவணும், தெரியும்மா. அவசரப்படாத. உங்கம்மா பிரேமாவதியும் இப்படித்தான், பரீட்சைத் தாளக் கையில வாங்கும்போதே வாசலப் பாத்துக்கிட்டு நிப்பா.

படம் எங்க கெடச்சுது? பழைய பேப்பரா. தெளிவா எடுத்திருக்கான். எம்பத்தொண்ணு, அலோர் ஸ்டார். கீழ மல்லாக்கக் கெடக்குறவ இலோனா, ஹங்கேரிக்காரி. அவ மாருக்குக் குறுக்க ரெண்டு காலையும் போட்டு, அவ வலது கைய என் நெஞ்சோட கட்டிப் புடிச்சுப் பின்னால சாயுறது நான். அவ இடது கை மட்டும் மங்கலா இருக்கு பாரு, என் கணுக்கால் கிட்ட. மத்ததெல்லாம் கல்லு மாதிரி நிக்குது, அந்தக் கை மட்டும் புகை மாதிரி. அச்சுக் கோளாறு இல்லமா. அதுக்குத்தான் வர்றேன்.

என் பதக்கமெல்லாம் எழுதணும்னு ஃபாரம் கொண்டாந்திருக்க. எழுதிக்க, கெடா மாநிலத்துல அஞ்சு தங்கம். அதுல மூணு எதுத்து நிக்க ஆளில்லாம வந்தது. எம்பத்திநாலு கிலோ பொம்பளைக்கு எதிரா எவ வருவா? அத எழுத வேணாம். என் கதைய விடு. இலோனாவப் பத்திக் கேளு, வருஷவாரியா சொல்றேன். கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன்.

அவ அம்பத்திநாலுல பொறந்தவ. அப்பா ரயில் பெட்டி செய்யுற ஃபேக்டரியில இரும்பு அடிக்கிறவரு. மொதல்ல இரும்புக் குண்டு எறிஞ்சுக்கிட்டு இருந்தா. பதினாறு வயசுல ஃபேக்டரி கிளப்புல ஜூடோவுக்கு மாறுனா. அப்ப பொம்பளைங்களுக்குப் பெரிய போட்டின்னு ஒண்ணு கெடயாது. வருஷம் பூரா ஆம்பளைங்களோட உருண்டு பழகிட்டு, போட்டி அன்னிக்கு டிக்கட் வாங்கிட்டுப் போய் மேல உக்காந்து பாக்கணும். எழுவத்தஞ்சுல ஐரோப்பாவுல பொம்பளைங்களுக்கும் வச்சாங்க. கனத்த எடைப் பிரிவு, எழுவத்திரெண்டு கிலோவுக்கு மேல. இவ மூணாவது. மறு வருஷம் முட்டி போச்சு. எழுவத்தெட்டுல ரெண்டாவது. எம்பதுல மொத தடவையா உலகப் போட்டி, அதுல அஞ்சாவது. அடுத்த உலகப் போட்டி எம்பத்திரெண்டுல. அவ ஆட்டம் உச்சத்துல இருந்த நேரம் அது, இருவத்தேழு இருவத்தெட்டு வயசு. அதுக்காக எம்பத்தொண்ணுல ஜப்பானுக்குப் போய் மூணு மாசம் பழகினா. திரும்பிப் போற வழியில அவங்க நாட்டுக் கோஷ்டி நம்ம மலேசியா பக்கம் நட்பு முறைப் போட்டிக்கு எறங்குச்சு. பினாங்குல ஒண்ணு, ஒரு நாள் விட்டு அலோர் ஸ்டார்ல ஒண்ணு. நட்பு முறைமா. பதக்கம்கூடக் கெடயாது, ஜெயிச்சவங்களுக்கு ஆளுக்கொரு ஈயத் தட்டு.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, எங்க ஆறாங்கட்டை ரப்பர் எஸ்டேட்டுல வால்டர்னு டிரெஸர் ஒருத்தரு இருந்தாரு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற வேலை. முன்னால போலீஸ்ல இருந்தப்ப ஜூடோ கத்தவரு. அவருக்கு இங்கிலாந்துலேருந்து ஜூடோ புத்தகம் கப்பல்ல வரும், ரெண்டு மாசம் பிந்தி. அதுலதான் இலோனாவப் பாத்தேன். என்ன மாதிரியே தோளு, என்ன மாதிரியே தொடை. சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அந்த மாதிரி ஒடம்ப வச்சுக்கிட்டு சிரிக்கலாம்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. ஸ்டோர்ல கித்தா ரப்பர் ஷீட்டு நிறுக்குற தராசுல என்ன ஏத்தி வச்சு, கணக்கெழுதுற கிராணி எடையச் சத்தமா படிப்பாரு. வரிசையில நிக்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க. இவளக் கட்டுறதுன்னா ரெண்டு மாப்பிள்ளை சேந்துதான் கட்டணும்னு அழகம்மா அத்தை சொல்லும். நானும் கூட சேந்து சிரிப்பேன், வேற என்ன செய்யிறது.

அந்தப் படத்த வெட்டி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சேன். மாதா படத்துக்குக் கீழ. காலையில அலமாரியத் தொறந்தா ரெண்டு பேரும் நிப்பாங்க.

எங்க கிளப்புக்கு மெத்தை வாங்க வழியில்ல. ரப்பரப் புகையில காய வைக்கிற ஸ்மோக் ஹவுஸ்ல கழிச்சுப் போட்ட ஷீட்ட அடுக்கி, மேல லாரி மூடுற கான்வாஸ இழுத்துக் கட்டுவோம். கீழ விழுந்தா மூக்குல புகை வாசம் ஏறும். மெல்லிசு மெத்தை. தூக்கிப் போட்டுப் பழகினா இடுப்பு போயிடும்னு, பாதி நேரம் தரையில உருண்டுதான் பழகுனோம். அமுக்கிப் புடிக்கிறது, கழுத்த நெருக்குறது, கைய நீட்டி மடக்குறது. தரைக்கு வந்துட்டா எங்கள அடிச்சுக்க வடக்குல ஆள் கெடயாது.

ஜூடோவுல ஒரு சட்டம் இருக்குமா. வலி தாங்க முடியலன்னா ரெண்டு தடவ தட்டணும், எதிராளி மேலயோ மெத்தை மேலயோ. தட்டுன ஒடனே விட்டுடணும். கையையும் கழுத்தையும் அடுத்தவகிட்டக் கொடுத்துட்டு, தட்டினா திருப்பிக் கொடுத்துடுவான்னு நம்புற வெளையாட்டு அது. அந்த நம்பிக்கை இல்லன்னா வெறும் சண்டைதான்.

ஆனா எங்க கிளப்புல மனோகரன்னு ஒருத்தன், கங்காணி மவன். அவன் ரெண்டு தட்டு தட்டுவான். நாம விட்ட ஒடனே பொரட்டிப் போட்டு மேல ஏறி உக்காந்துக்குவான். தட்டுனியேடான்னா, கொசு அடிச்சேன்பான். எல்லாரும் அதயே பழகிக்கிட்டாங்க. வால்டர் டிரெஸர் பாத்தாரு. சரி, நம்ம எஸ்டேட்டுல மூணு தட்டுன்னு சட்டம் போட்டுட்டாரு. ரெண்டு தட்டு கொசுவுக்கு, மூணாவது தட்டு சத்தியத்துக்கு. எங்களுக்கு அது சிரிப்பு. வருஷக்கணக்கா அப்படியே பழகுனோம். வெளியூர்ப் போட்டிக்கு லாரியில ஏறினதும் டிரெஸர் ஞாபகப்படுத்துவாரு, அங்க ரெண்டுதான், மறந்துடாதீங்கன்னு. ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. அன்னிக்கும் சொன்னாரு.

பினாங்குல எனக்கு அவளோடதான் ஆட்டம். அலமாரிக் கதவத் தொறந்துக்கிட்டு அவ எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு வணக்கம் சொன்னேன், நிமிந்தேன், அடுத்தது மேல ஃபேன் சுத்துறது தெரிஞ்சுச்சு. பதினோரு செகண்டு. விழுந்ததே தெரியல, அவ்வளவு பூவா எறக்கி வச்சா. அதோட போயிருந்தா பரவால்ல. என் பெல்ட்டு அவுந்து போச்சு. ரெஃப்ரி முடிவு சொல்லுறதுக்கு முந்தி பெல்ட்டக் கட்டிக்கிட்டு நிக்கணும். ரெண்டு தடவ கட்டிப் பாத்தேன், முடிச்சு விழல. அவ என் முன்னால வந்து முட்டி போட்டு, என் பெல்ட்ட எடுத்து ரெண்டு சுத்து சுத்தி, முடிச்சுப் போட்டு, ரெண்டு முனையும் ஒரே நீளமா இருக்கான்னு இழுத்துப் பாத்தா. பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்கு அம்மா கட்டி விடுவாளே, அந்த மாதிரி. மண்டபமே சிரிச்சிச்சு. மறுநாள் பேப்பர்ல அந்தப் படம்தான் வந்துச்சு.

அன்பாத்தான் செஞ்சா. இன்னிக்குத் தெரியுது. அன்னிக்கு எனக்கு இருவத்திமூணு வயசு.

மறுநாள் விடியக்காலை எங்கப்பா பெரட்டுக்குப் போய் நின்னிருக்காரு. பெரட்டுன்னா உனக்குத் தெரியாதுல்ல, வேலைக்குப் போறதுக்கு முந்தி ஆளுங்கள வரிசையில நிக்க வச்சுப் பேர் கூப்புடுற எடம். அங்க யாரோ, மோரிஸு, உன் மவளுக்கு பெல்ட்டு கட்டி விட வெள்ளக்கார ஆயா வச்சிருக்கியாமேன்னு கேட்டிருக்கான். வேலை வாங்குற மண்டோரும் சிரிச்சிருக்காரு. சாயந்திரம் கள்ளுக்கடையில வேற. அப்பா அதிகம் பேசாத மனுஷன். அம்மா போனதுக்கப்புறம் இருந்த பேச்சும் போச்சு. அடுத்த நாள் நாங்க அலோர் ஸ்டாருக்குப் பொறப்படும்போது லாரிக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. தோத்துட்டு வாம்மா, பரவால்ல, அவ கையால மட்டும் இன்னொரு தடவ கட்டிக்காதன்னாரு. சொல்லிட்டு லாரியோட டயரப் பாத்துக்கிட்டு நின்னாரு.

எனக்குக் காலேஜ் முடியுற நேரம் அது. டீச்சர் வேலை சரவாக்குலன்னு பேச்சு அடிபட்டுச்சு. அப்பாவுக்கு நெஞ்சு சரியில்ல. இவர தனியா விட்டுட்டுக் கடல் தாண்டிப் போவணும். அந்த நெனப்பும் உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. சாக்கு சொல்லலமா. இருந்தத சொல்றேன்.

அலோர் ஸ்டார்ல ஒரு பள்ளிக்கூட மண்டபம். எஸ்டேட்டுலேருந்து ரெண்டு லாரி ஆளு வந்திருந்துச்சு. பக்கிரிசாமி அண்ணன் உருமியத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. காவடிக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறாரு, யாரு சொல்லியும் நிறுத்தல. வெக்கைன்னா அப்படி ஒரு வெக்கை. மெத்தையெல்லாம் வேர்வை. இலோனா மொகம் செவந்து கெடந்துச்சு, அவளுக்கு இந்தச் சூடு பழக்கமில்ல. என்னப் பாத்ததும் சிரிச்சா. சிரிச்சிட்டு, தன் பெல்ட்டுல வெரல வச்சுக் காட்டி, என் பெல்ட்டப் பாத்தா. ஒழுங்கா கட்டியிருக்கியான்னு கேக்குற மாதிரி. பின்னாடி எங்க ஆளுங்க யாரோ அதப் பாத்துட்டு சிரிச்சாங்க. அப்பா அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாரு.

ரெண்டு நிமிஷம் தாக்குப் புடிச்சேன். என்னத் தூக்க வந்தா. மெத்தை ரெண்டும் சேருற எடத்துல வேர்வை தேங்கி இருந்துச்சு, அதுல கால் வழுக்கி முன்னால விழுந்தா. தரைக்கு வந்துட்டா. தரை என் வீடு. யோசிக்கவே இல்லமா, கை மாட்டுச்சு, காலப் போட்டேன், சாஞ்சேன். இந்தப் படம் அப்ப எடுத்ததுதான்.

ரெஃப்ரி என் முதுகுப் பக்கம் நின்னாரு. என் காலு மறைச்சதுல அவ இடது கை அவருக்குத் தெரியல. படம் எடுத்தவன் மட்டும் அந்தப் பக்கம் உக்காந்திருந்தான்.

டப், டப். என் கணுக்காலுக்கு மேல.

ஆமா. அதான் அந்தக் கை. ஆடுற கையப் புடிச்சா படத்துல மங்கலாத்தான் விழும். நாப்பது வருஷமா இந்தப் படத்தப் பாக்குற எல்லாரும், பாவம் வலியில துடிக்கிறான்னு சொல்லிட்டுப் போறாங்க. அவ துடிக்கலமா. தட்டுறா. விட்டுடுன்னு சொல்றா.

அப்புறம் அவ முழங்கை போச்சு. அந்தச் சத்தம் மண்டபம் பூரா கேட்டுச்சு, உருமியே நின்னு போச்சு. நான் சொல்ற சத்தம் அதில்ல. அதுக்கு முன்னால வந்தது.

அவங்க கோச்சு மெத்தைக்கே ஓடி வந்துட்டாரு. தட்டுனா, தட்டுனான்னு தன் தொடையில அடிச்சுக் காட்டிக் கத்துறாரு. ரெஃப்ரிக்கு மொகம் வெளுத்துப் போச்சு. நான் பாக்கலன்னாரு. என்கிட்டக் கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. இலோனாகிட்டக் கேட்டாங்க, தட்டுனியான்னு. அவ உக்காந்திருந்தா, வலது கைய இடது கையால மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டு, ஒரு குழந்தைய வச்சிருக்குற மாதிரி. என்னப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் பக்கிரிசாமி அண்ணன் உருமியப் பாத்து, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, நாய்ஸ், பிக் நாய்ஸ்னு சொன்னா.

சத்தத்துல இந்தப் புள்ளைக்குக் கேக்கலன்னு அர்த்தம். அந்தப் பொய்ய எனக்குக் கொடுத்ததே அவதான்மா. நான் தேடக்கூட இல்ல. கையில வச்சிட்டுப் போயிட்டா, இன்னி வரைக்கும் வச்சிருக்கேன்.

முடிவு சொல்லணும்னா ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கணும். வேணாம்னு எல்லாரும் சொல்லியும் அவ எந்திரிச்சா. அவ பெல்ட்டு அவுந்து தொங்குது. ஒத்தக் கையால எடுக்குறா, நழுவுது. மறுபடி எடுக்குறா. நான் மூணு அடி தள்ளி நிக்கிறேன். என் பெல்ட்டு சரியாத்தான் இருந்துச்சு. போய் முட்டி போட்டுக் கட்டி விட்டிருக்கலாம். மண்டபம் பூராம் பாக்குது, எங்கப்பா பாக்குறாரு. நான் போகல. கடைசியில ரெஃப்ரிதான் கட்டி விட்டாரு. எனக்குக் கைய உசத்துனாங்க. எங்க ஆளுங்க மெதுவா ஆரம்பிச்சு அப்புறம் ஒரே கூச்சல்.

வீட்டுக்குத் திரும்புற வழியில லாரியில வால்டர் டிரெஸர் என் பக்கத்துல உக்காந்தாரு. குருண் ஊரத் தாண்டினோம். அப்புறம் மெதுவா, ரெண்டா மூணான்னு கேட்டாரு. ரெண்டுதான் சார் தட்டுனா, பழக்கத்துல மூணாவதுக்குக் காத்திருந்தேன்னேன். அவரு கண்ண மூடிக்கிட்டாரு. மறுநாள் கிளப்புல அந்தக் கான்வாஸ அவுத்து, ஷீட்டெல்லாம் இழுத்து வெளிய போட்டாரு. அதோட ஜூடோ முடிஞ்சுது. என் கோணங்கிச் சட்டத்தால அந்தப் பொண்ணு கை போச்சே பிரிஜெட்டுன்னு ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் சொல்லுவாரு. தொண்ணூத்தி ஆறுல செத்தாரு. கடைசியா ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்பகூட அதத்தான் சொன்னாரு. நான் ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்துட்டு வந்தேன்.

எனக்கு எல்லாம் நல்லபடியா நடந்துச்சு. மண்டபத்துல ஒரு பெரிய மனுஷன் இருந்திருக்காரு, இந்தப் பொண்ணு கெடாவ விட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. சரவாக்குக்குப் பதிலா பீடோங்னு ஆயிடுச்சு. வீட்டுலேருந்து பஸ்ஸுல இருவது நிமிஷம். அப்பா ஒன்பது வருஷம் என் கையால கஞ்சி குடிச்சுத்தான் போனாரு. பெரட்டுல அவர யாரும் சீண்டல. உங்கம்மாவுக்கு, உங்க தலைவருக்கு, ஊருல பாதிப் பேருக்கு நான் டீச்சரானது அந்த முழங்கையாலதான்.

பாவசங்கீர்த்தனமா? பண்ணாம இருப்பேனா. சுங்கை பட்டாணியில ஃபாதர்கிட்ட சொன்னேன், டிரெஸர்கிட்ட சொன்ன மாதிரியே. ரெண்டு தட்டு, மூணாவதுக்குக் காத்திருந்தேன்னு. அறியாம செஞ்சது பாவம் ஆகாதும்மான்னு சொல்லி, மூணு அருள் நிறைந்த மரியே கொடுத்தாரு. சொல்லிட்டு நற்கருணை வாங்கினேன். நீயும் இப்ப அதத்தான் சொல்ற, பழக்க தோஷம் டீச்சர்னு.

அவ கதைய முடிச்சிடுறேன். எம்பத்திரெண்டு உலகப் போட்டிப் பட்டியல்ல அவ பேரு இல்ல. ரெண்டு ஆபரேஷன். கிளப்பு மூடினாலும் டிரெஸருக்குப் புத்தகம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, வாங்கினதும் பிரிக்காம என்கிட்டக் கொடுத்துடுவாரு. எம்பத்திமூணுல பேரு வந்துச்சு. மொத ஆட்டத்துலேயே தோல்வி, நாப்பது செகண்டுல, அதே கையில மறுபடி புடி. எதிராளிக்கு அவ எந்தக் கைய நீட்ட மாட்டான்னு தெரிஞ்சிருக்கு. எம்பத்திநாலுல அவ என்ன செஞ்சா தெரியுமா, முப்பது வயசுல, இடது கை ஆட்டம் புதுசா கத்துக்கிட்டா. எழுதுறது, சாப்புடுறது எல்லாம் மாத்தி, ஜூடோவையும் மாத்தி, அவங்க நாட்டுக்குள்ள மூணாவது வந்தா. ஒரே ஒரு வரி போட்டிருந்தான், கடைசிப் பக்கத்துல. அந்தப் பக்கம் இன்னும் பைபிளுக்குள்ள இருக்கு. அதுக்கப்புறம் அவ பேரு வரல. எம்பத்தெட்டுல ஒலிம்பிக்ல பொம்பளைங்க ஜூடோவ மொத தடவையா காட்டுனாங்க. எல்லாரும் என்னக் கூப்பிட்டாங்க, டிவி பாக்க வாங்க டீச்சர்னு. நான் தலைவலின்னுட்டேன்.

அவகிட்டேருந்து வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கார்டு மட்டும் வரும். மொத கார்டுல எழுத்து மூணாம் வகுப்புப் புள்ள எழுத்து மாதிரி கோணலா இருந்துச்சு. போகப் போக நேராயிடுச்சு. உள்ள ஒண்ணும் இருக்காது, என் பேரு, அவ பேரு. நானும் பதிலுக்குக் கார்டு போடுவேன், என் பேரு, அவ பேரு. நடுவுல அவ்வளவு வெள்ளை எடம் இருக்கும். ஒவ்வொரு டிசம்பரும் பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காருவேன்மா. காலேஜ்ல இங்கிலீஷ் கவிதையெல்லாம் மனப்பாடம் பண்ணவ. ஒரு வரி வரல.

இந்தா, அட்டையப் புடி. கிண்ணத்துக்கு என் பேரு வேணாம். வால்டர் டிரெஸர் பேரப் போடுங்க, அவருதான் ஜூடோவ எஸ்டேட்டுக்குக் கொண்டாந்தவரு. படம் வேணும்னா போட்டுக்குங்க, எடுக்கச் சொல்லல. புள்ளைங்க பாக்கட்டும். ஆனா கீழ ஒரு வரி சேத்துடு, மங்கலா இருக்குறது தட்டுற கைன்னு. தட்டினா விடணும்னு அதுங்களுக்கு அதவிட நல்லா சொல்ல முடியாது. உங்க தலைவர் ஒத்துக்கலன்னா என்கிட்ட அனுப்பு. டிரெஸர் மேல இருக்குற பழிய எறக்கணும், அதுக்குத்தான் இத்தன பேச்சும்.

என்ன பழியா? அதான், மூணு தட்டுச் சட்டம் போட்டதால வந்த வினைன்னு அவரு நெனச்சுக்கிட்டுப் போனாருல்ல. அவரு சட்டத்துல ஒரு குத்தமும் இல்லமா. அவ மூணாவதும் தட்டுனா. நாலாவதும் தட்டுனா. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.

கோப்பி ஆறிடுச்சு பாரு, வேற போடவா? வேணாமா. சரி.

இலோனாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் படத்தப் போடலாமான்னா, முடியாதும்மா. போன பிப்ரவரியில அவ அண்ணன் மவ எழுதியிருந்தா. இலோனா தூக்கத்துலேயே போயிட்டாளாம். அவ ஊருல பொதுக் குளியல் வீடு ஒண்ணு இருக்கு, அதோட வாசல்ல இருவத்தெட்டு வருஷம் உக்காந்து, வர்றவங்களுக்குத் துண்டும் சாவியும் எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தா, இடது கையால.